உப்பளப் பெண்டிரும் புயற்காப்பும்

மரக்காணம் தொன்மை வாய்ந்ததொரு பட்டினம். சிறுபாணாற்றுப்படை கூறும் எயிற்பட்டினம் இதுவேயென்பர் ஆராய்ச்சியாளர். ஆயினும் இவ்வூரின் பெயரைக் கேட்ட மாத்திரத்தில் இன்று நம் நினைவிற்கு வருவது உப்பே. கோடையிற் பாத்திகளில் விளையும் உப்பை ஆடவர் பலகையால் வாரிக் கூட்ட, பெண்டிர் அதனைத் தலைச்சுமையாகக் கொண்டுபோய் மேட்டில் அம்பாரமாகக் குவிப்பது பெரும்பான்மை வழக்கம்.

அளமோ தாழ்ந்த நிலம். ஒருபுறம் கடல், மறுபுறம் கழுவேலி ஏரி. மேற்கே பெய்யும் மழை அவ்வேரியில் நிறைந்து கழிமுகத்தின் வழியே கடலை அடையவேண்டும். கடல் பொங்கிநிற்குங்கால் அந்நீர் வடிவது எங்ஙனம்? 2024-ஆம் ஆண்டு நவம்பர் 30-ஆம் தேதி இரவு ஃபெஞ்சல் புயல் புதுவைக்கருகே கரையேறியது. மயிலத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 50 செ.மீ. மழை பெய்தது, மரக்காணத்து அளங்கள் நீரில் மூழ்கின.

பேரிடர் ஆண் பெண் பாராது என்பர் சிலர். எண்கள் அவ்வாறு கூறவில்லை. 2004 டிசம்பர் 26-ஆம் தேதிய ஆழிப்பேரலையிற் கடலூர்ப் பகுதியில் இறந்தோர் பெண்டிர் 391, ஆடவர் 146 என ஆக்ஸ்பாம் நிறுவனம் மறுவருடம் எடுத்துக்காட்டியது. ஆழ்கடலிற் படகிலிருந்தோர் பிழைத்தனர். கரையில் மீனுக்குக் காத்திருந்தோரும், வீட்டிற் குழந்தைகளைத் தூக்க முயன்றோரும் மாண்டனர். வங்காளதேசத்தில் 1991-இல் வீசிய புயலிலும் பெண்டிரே மிகுதியாக மடிந்தனர். எச்சரிக்கை, ஆடவர் கூடும் பொதுவிடங்களில் ஆடவர்க்கே சொல்லப்பட்டதும், கணவன் வாராமல் மனைவி வீடுவிட்டு நீங்கத் தயங்கியதும் அதற்குக் காரணங்களாம்.

நம் துறைமுகங்களில் ஏற்றப்படும் புயற்கூண்டும் கலஞ்செலுத்துவோர்க்குரிய அடையாளமேயன்றோ! மூன்றாம் எண் கூண்டு ஏறியதென்றால், குடிசையில் முதியோரையும் நடக்கவியலாதாரையும் வைத்திருப்பவள் அதனால் அறிவது யாது?

புயற்பருவத்தில் உப்புத்தொழில் நின்றுவிடும். ஆதலின் உப்பளப் பெண்ணுக்கு நேரும் இழப்பு பலர் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. அம்பாரம் கரைந்தால் அளத்துக்குரியவரின் நட்டத்தை மூட்டைக்கணக்கில் எழுதலாம். சேறு படிந்த பாத்தியைச் செப்பனிட்டு, உடைந்த வரப்பைக் கட்டி, மீண்டும் உப்பு விளையும் வரை சுமைக்கூலி இழப்பவளின் நாட்களை எந்த ஏட்டில் எழுதுவது? 2022 முதல் தமிழக அரசு உப்பளத் தொழிலாளர் குடும்பத்திற்கு மழைக்கால நிவாரணமாக 5,000 ரூபாய் வழங்கத் தொடங்கியது. நற்செயலே, ஆனால் கணக்கு குடும்பத்தின் பெயரால் நிற்கிறது. ஒரே வீட்டில் தாயும் மருமகளும் சுமை தூக்கினால் இருவர் கூலியும் நிற்குமே!

2005-ஆம் ஆண்டுப் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் 61-ஆம் பிரிவு, நிவாரணத்தில் பால், சாதி, சமூகம், வமிசம், மதம் பற்றிய வேற்றுமை கூடாதென விதிக்கின்றது. 2015-இல் ஜப்பானிய நகரமாகிய செண்டாயில் உலக நாடுகள் செய்த உடன்பாடும், பால், வயது, உடற்குறை ஆகியவற்றைத் தனித்தனியே பிரித்துக் கணக்கெடுக்கச் சொல்கின்றது. விதி உளது, கணக்கேடு அதற்கேற்ப மாறவேண்டும்.

வங்காளதேசம் தன் புயற்காப்புத் தொண்டர் படையில் ஏறத்தாழப் பாதியிடத்தைப் பெண்டிர்க்கு அளித்துள்ளது. அவர்கள் ஒலிபெருக்கி ஏந்தி வாயில்தோறும் சென்று எச்சரிக்கின்றனர். மரக்காணத்தில் அவ்வேலைக்குத் தகுந்தவர் சுமைகாரப் பெண்டிரே. எந்த வீட்டில் நோயாளியுண்டு, எவள் நிறைமாதத்தாள், எந்த வரப்பு முதலில் உடையும் என்பன அவர்கள் அறிந்தவை. புகலிடத்திற் கதவடைக்கும் கழிப்பறையும் இரவில் விளக்கும் வேண்டுமென்று முதலிற் கேட்பவரும் அவர்களே.