முட்டைப் பந்துக்குப் பின்னால் இத்தனை சங்கதியா? தெரியுமா!

அண்ணாச்சி, ஒரு நிமிஷம்! சாகுபுரத்துக்கும் ரக்பிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். இங்கே காஸ்டிக் சோடா ஆலை உண்டு. பக்கத்தில் ஆறுமுகநேரி உப்பளம் உண்டு. காயல்பட்டினத்தில் கால்பந்து என்றால் கேட்கவே வேண்டாம், மௌலானா ஆசாத் நினைவுக் கோப்பைப் போட்டி வந்துவிட்டால் ஊரே மைதானத்தில்தான் கிடக்கும். வடக்கே கோவில்பட்டிக்குப் போனால் ஹாக்கி. கபடியோ தெருவுக்குத் தெரு. இல்லாதது அந்த முட்டை வடிவப் பந்து மட்டும்தான். ஆனால் நம் கடலுக்கு அந்தப் பக்கம், இலங்கையில், பள்ளிக்கூடப் பயலுவ ரக்பி ஆட ஆரம்பித்து நூறு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது, தெரியுமா?

1906 ஆகஸ்ட். கண்டியில் கிங்ஸ்வுட் கல்லூரியும் திரித்துவக் கல்லூரியும் மோதின. அதுதான் இலங்கையில் இரண்டு பள்ளிகள் ஆடிய முதல் ரக்பி ஆட்டம். 6-6 என்று சமனில் முடிந்தது. அதே 1906 அக்டோபரில்தான் வ.உ.சி. தூத்துக்குடி–கொழும்பு கப்பல் விட சுதேசி நீராவிக் கப்பல் கம்பெனியைப் பதிவு செய்தார்! இங்கே வெள்ளைக்காரன் கப்பலுக்குப் போட்டியாகக் கப்பல் விட ஏற்பாடு நடக்கும்போது, அங்கே வெள்ளைக்காரன் ஆட்டத்தை நம்மவர்கள் தமதாக்கிக்கொண்டிருந்தார்கள்.

1945-இல் இன்னொரு வேடிக்கை தொடங்கியது. கொழும்பு ரோயல் கல்லூரியும் கண்டி திரித்துவக் கல்லூரியும் வருஷத்துக்கு இரண்டு ஆட்டம், ஒன்று கொழும்பில், ஒன்று கண்டியில். ஒரு ஆட்டத்தில் ஜெயித்தால் போதாது, இரண்டிலும் எடுத்த புள்ளிகளைக் கூட்டித்தான் கேடயம் யாருக்கு என்று முடிவாகும். ரோயல் முதல்வர் பிராட்பி கொடுத்த கேடயம், அதனால் பிராட்பி கேடயம். பள்ளிப் பிள்ளைகள் ஆட்டம்தானே என்று நினைக்காதீர்கள். தாத்தா, அப்பா, பேரன் என்று மூன்று தலைமுறை ஒன்றாகக் கத்துகிற ஆட்டம் அது.

அந்த ரோயல் கல்லூரியிலிருந்து வந்தவர் ஒரு தமிழர், தெரியுமா? சம்மா நவரத்தினம். ஓட்டப் பந்தயத்தில் 'ஆசியாவின் அதிவேக மனிதர்' என்று பேர் வாங்கியவர், ரக்பியில் விங்கர். 1950-இல் நியூசிலாந்து, ஆஸ்திரேலியா எல்லாம் சுற்றிவிட்டு ஊர் திரும்பும் வழியில் பிரிட்டிஷ் லயன்ஸ் அணி கொழும்பில் இறங்கியபோது, இலங்கை அணியில் அவரும் இருந்தார். 44-6 என்று இலங்கை தோற்றது. இருக்கட்டுமே! லயன்ஸை எதிர்த்து ஓடிய தமிழ்க் கால்கள் எத்தனை?

இனிமேல்தான் நிஜமான அதிசயம். மூச்சைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

2007. லண்டன். 14 வயதுக்குட்பட்ட பள்ளி அணிகளுக்கான சர்வதேச ரக்பிப் போட்டி. ஒடிசாவிலிருந்து பன்னிரண்டு பையன்கள் போய் இறங்கினார்கள். எல்லோரும் பழங்குடிப் பிள்ளைகள், புவனேஸ்வரில் அச்சுத சாமந்தா நடத்தும் கலிங்கா சமூக அறிவியல் நிறுவனத்தின் விடுதி மாணவர்கள். சாப்பாடு, படுக்கை, படிப்பு எல்லாம் இலவசம் என்று காட்டுக் கிராமங்களிலிருந்து கொண்டுவந்து சேர்த்த பிள்ளைகள். அவர்களில் யார் வீட்டிலும் ரக்பி என்ற சத்தமே கேட்டிருக்காது. உள்ளூர்ப் பயிற்சியாளர் ருத்ராக்ஷ ஜேனா ஒரு பக்கம். கொல்கத்தாவில் பிரிட்டிஷ் தூதரக வேலைக்கு வந்து, தெருப் பிள்ளைகளைச் சேர்த்து 'ஜங்கிள் க்ரோஸ்' என்று அணி கட்டிய பால் வால்ஷ் இன்னொரு பக்கம். இருவருமாகப் பையன்களைத் தேற்றினார்கள்.

இறுதி ஆட்டத்தில் எதிரே நின்றது தென்னாப்பிரிக்கப் பிள்ளைகள். தென்னாப்பிரிக்கா! ரக்பியைத் தாய்ப்பாலோடு குடிக்கிற நாடு. முடிவு என்ன தெரியுமா? 19-5. ஜெயித்தது ஒடிசா!

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். பந்தைத் தூக்கிக்கொண்டு எதிரணிக் கோட்டைத் தாண்டித் தரையில் அழுத்தினால் ஒரு 'ட்ரை', அதற்கு 5 புள்ளி. தொடர்ந்து கம்பத்துக்கு மேலே உதைத்தால் கூடுதலாக 2. ஆக, தென்னாப்பிரிக்கப் பையன்கள் ஒரே ஒரு ட்ரையோடு திரும்பியிருக்கிறார்கள். இந்தக் கதை 'ஜங்கிள் க்ரை' என்று அபய் தியோல் நடித்துப் படமாகவும் வந்தது. கிரிக்கெட்டில் ஒரு பதினான்கு வயதுப் பையன் அரைசதம் அடித்தால் ஊரைக் கூட்டுகிற நாம், இந்தப் பன்னிரண்டு பேரில் ஒருவர் பெயரையாவது சொல்ல முடியுமா? படம் எடுத்தபிறகுதான் நமக்குத் தெரிந்தது என்றால், குற்றம் யாருடையது என்று நான் சொல்லவேண்டியதில்லை.

பையன்களை விடுங்கள், பெண்பிள்ளைகள் செய்திருப்பது தெரியுமா?

அதே புவனேஸ்வர் விடுதியில் வளர்ந்தவர் சுமித்ரா நாயக், ஒடிசாவின் ஜாஜ்பூர் மாவட்டத்துக்காரர். 2016-இல் துபாயில் நடந்த 18 வயதுக்குட்பட்ட ஆசியப் பெண்கள் செவன்ஸ் போட்டியில் இந்தியா வெண்கலம் வாங்கியபோது அந்த அணியில் ஆடினார். செவன்ஸ் என்றால் பக்கத்துக்கு ஏழு பேர், பாதிக்கு ஏழே நிமிஷம். மொத்த ஆட்டமும் பதினான்கு நிமிஷத்தில் முடிந்துபோகும். நம் ஊர் டீக்கடையில் டீ சொல்லிவிட்டுப் பேப்பரைப் புரட்டுவதற்குள் ஒரு நாடு ஜெயித்து இன்னொரு நாடு தோற்றிருக்கும்!

மூன்றே வருஷம் கழித்து, 2019 ஜூன், மணிலா. இந்த முறை முழு ஆட்டம், பக்கத்துக்குப் பதினைந்து பேர். இந்தியப் பெண்கள் பதினைந்து பேர் ஆட்டத்தில் சர்வதேசக் களம் கண்டதே அதற்கு முந்தைய வருஷம்தான். அதுவரை ஒரு வெற்றிகூட இல்லை. எதிரே சிங்கப்பூர். கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கிறது, இந்தியா 18, சிங்கப்பூர் 19. ஒரே ஒரு புள்ளி! ஆட்டம் முடியும் தறுவாயில் இந்தியாவுக்கு ஒரு பெனால்டி கிடைக்கிறது. பந்தைத் தரையில் நட்டு வைத்துவிட்டு, நாலடி பின்னால் வந்து, கம்பத்தைப் பார்த்து, பந்தைப் பார்த்து, மறுபடி கம்பத்தைப் பார்த்து... உதைப்பது சுமித்ரா. பந்து இரண்டு கம்பங்களுக்கும் நடுவே, குறுக்குச் சட்டத்துக்கு மேலே போகிறது. 21-19! இந்தியப் பெண்களின் முதல் பதினைந்து பேர் ஆட்ட வெற்றி. விடுதிப் பள்ளிக்கூடத்தில் பந்தை முதன்முதலாகத் தொட்ட ஒரு பெண்ணின் கால் பெருவிரலில் அந்தச் சரித்திரம் நின்றது.

இன்னொருவர் ஸ்வீட்டி குமாரி. பீகாரில் பாட்னா மாவட்டத்து பாட் பகுதிக்காரர். முதலில் நூறு மீட்டர் ஓட்டக்காரி. 'இப்படி ஓடுகிறாயே, ரக்பி ஆடிப் பாரேன்' என்று அந்த மாநில ரக்பி நிர்வாகிகள் இழுத்துவிட்டார்கள். 2019-இல் உலகப் பெண்கள் ரக்பியில் 'ஆண்டின் சர்வதேச இளம் வீராங்கனை' என்று வாக்கெடுப்பில் தேர்வானார். ஆசிய ரக்பி அமைப்போ இவரைக் கண்டத்திலேயே வேகமானவர் என்று புகழ்ந்தது. எங்கே? பீகாரில்!

அதோடு நின்றதா? 2021-இல் தாஷ்கண்டில் நடந்த 18 வயதுக்குட்பட்ட ஆசியப் பெண்கள் செவன்ஸில் இந்தியாவுக்கு வெள்ளி. 2025 ஆகஸ்டில் 20 வயதுக்குட்பட்ட ஆசியச் செவன்ஸ் போட்டியே பீகாரின் ராஜ்கிர் நகருக்கு வந்தது. நாலந்தா இடிபாடுகளுக்குப் பக்கத்து ஊர்! பூமிகா சுக்லா தலைமையில் இந்தியப் பெண்கள் உஸ்பெகிஸ்தானை 12-5 என்று கவிழ்த்து வெண்கலம் வாங்கினார்கள்.

இங்கேதான் எனக்கு வயிற்றெரிச்சல். பீகாருக்குக் கடல் இல்லை, வெள்ளைக்காரன் கட்டிவிட்டுப்போன ரக்பிப் பாரம்பரியமும் இல்லை. ஓடுகிற பிள்ளைகளைத் தேடிப் பிடித்து, கையில் பந்தைக் கொடுத்தார்கள், அவ்வளவே. குதிரைமொழித் தேரியின் செம்மணலில் கணுக்கால் புதையப் புதைய ஓடிப் பழகுகிற பிள்ளைகள் நம்மிடம் இல்லையா? கபடியில் காலைக் கட்டிப் பிடிக்கிற பிடி ரக்பிக்கும் அப்படியே ஆகும். எந்தப் பள்ளி விளையாட்டு ஆசிரியராவது இதைப் படித்தால் யோசிக்கலாம்.

'பிள்ளைக்கு அடிபடுமே' என்று அம்மாமார் கேட்பது காதில் விழுகிறது. அதற்கும் விதி இருக்கிறது, தெரியுமா? ஸ்க்ரம் என்பது எட்டுப் பேரும் எட்டுப் பேரும் தோளோடு தோள் கோத்து முட்டித் தள்ளுவது. பெரியவர்கள் ஆட்டத்தில் எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் தள்ளலாம். 19 வயதுக்குட்பட்டோர் ஆட்டத்தில் ஒன்றரை மீட்டருக்கு மேல் தள்ளினால் தப்பு! ஆட்ட நேரமும் பாதிக்கு 35 நிமிஷத்தைத் தாண்டக்கூடாது. இன்னொரு விசித்திரம் எல்லா வயதுக்கும் பொது: பந்தைக் கையால் முன்பக்கம் எறியவே கூடாது. பின்னால் வருகிறவனுக்குத்தான் கொடுக்கலாம். முன்னேற வேண்டுமானால் பின்னால் பார்க்க வேண்டும். யார் யோசித்தார்களோ!

வயது வரம்புள்ள பிரதிநிதிப் போட்டிகளுக்கெல்லாம் பெரியண்ணன் தென்னாப்பிரிக்காவின் கிரேவன் வாரம். 1964-இல் ஈஸ்ட் லண்டன் நகரில் தொடங்கியது, மாகாண வாரியாகப் பள்ளி மாணவர்களைத் தேர்ந்தெடுத்து மோதவிடுவது. ரக்பி மேதை டேனி கிரேவன் பெயரைத் தாங்கியது. அங்கே தேறுகிற பையன் நாளைய தேசிய அணிக்காரன் என்று ஊரே கண் வைக்கும்.

ஆனால் அந்த ஏணியின் முதல் படியில் நின்ற ஒரு பையனைப் பாருங்கள். ஸ்வீடே என்ற ஏழைக் குடியிருப்பு, பாட்டி வளர்ப்பு. மாகாணத் தேர்வுக்கு வந்தபோது ஆட்டத்துக்கான கால்சட்டை வாங்கக் காசில்லை. மற்ற பையன்கள் சீருடையில் பளபளவென்று நிற்க, இவன் உள்ளே போடுகிற பாக்ஸர் டவுசரோடு களத்தில் இறங்கினான்! பன்னிரண்டு வயதில் மொசல் பே நகரில் ஒரு சிறுவர் போட்டியில் ஆடியதைப் பார்த்துப் பெரிய பள்ளி ஒன்று உதவித்தொகையோடு அழைத்துக்கொண்டது. யார் தெரியுமா? சியா கொலிசி! தென்னாப்பிரிக்க டெஸ்ட் அணியின் முதல் கறுப்பினத் தலைவர். 2019, 2023 இரண்டு உலகக் கோப்பையையும் கையில் தூக்கியவர்.

கூடவே மகசோலே மபிம்பி. கிராமத்துப் பள்ளி, பேர்பெற்ற ரக்பிப் பள்ளி எதிலும் காலடி வைக்காதவர். 1995, 2007 இரண்டு முறை உலகக் கோப்பை ஜெயித்த தென்னாப்பிரிக்கா, இறுதி ஆட்டத்தில் ஒரு ட்ரைகூடப் போட்டதில்லை. முதல் ட்ரை 2019 யோகோஹாமாவில், இவர் கையால்!

20 வயதுக்குட்பட்டோர் உலகப் போட்டி 2008-இல் வேல்ஸில் பிறந்தது. முதல் நாலு கோப்பையும் நியூசிலாந்துக்கே. அதில் 2009-இல் தலைவன் ஆரன் குரூடன். அதற்கு முந்தைய வருஷம் அவருக்குப் புற்றுநோய்! அறுவை, கீமோ எல்லாம் முடித்து எழுந்து வந்து, ஜப்பானில் இங்கிலாந்தை 44-28 என்று வீழ்த்திக் கோப்பையும் வாங்கி, அந்த ஆண்டின் சிறந்த இளம் வீரர் பட்டமும் வாங்கினார். அடுத்த வருஷப் பட்டம் ஜூலியன் சாவியாவுக்கு. பிறகு பெரியவர்கள் அணியில் 54 டெஸ்டில் 46 ட்ரை! தென்னாப்பிரிக்காவின் ஹாண்ட்ரே பொல்லார்ட் இன்னும் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே 2012 கோப்பையை ஜெயித்த அணியில் இருந்தார். 2023 உலகக் கோப்பை இறுதியில் தென்னாப்பிரிக்கா 12, நியூசிலாந்து 11. அந்தப் பன்னிரண்டும் அவர் ஒருவர் காலிலிருந்து வந்தவை!

சரி, உலகத்தை விட்டு ஊருக்கு வருவோம். இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் 1879 முதல் அடித்துக்கொள்கிற கோப்பையின் பெயர் கல்கத்தா கோப்பை, தெரியுமா? கல்கத்தாவில் ரக்பி சங்கம் ஒன்று இருந்தது. ஆள் குறைந்து மூடும்போது வங்கியில் மிச்சமிருந்த 270 வெள்ளி ரூபாயை உருக்கிக் கோப்பையாக்கி இங்கிலாந்துக்கு அனுப்பிவிட்டார்கள். கைப்பிடி மூன்றும் நாகப்பாம்பு, மூடிமேல் யானை! 1988-இல் எடின்பரோவில் டீன் ரிச்சர்ட்ஸ், ஜான் ஜெஃப்ரி என்ற இரண்டு வீரர்கள் போதையில் அதைத் தெருவில் உருட்டி நசுக்கிய கூத்து வேறு. நம் காசு அது, சொல்லிவைக்கிறேன்.

கடைசியாக ஒன்று. 'விஸ்வரூபம்' படத்தில் கமலை மிரட்டிய ஒமர் ஞாபகம் இருக்கிறதா? அந்த ராகுல் போஸ் 1998-இல் இந்தியா முதன்முதலாகச் சர்வதேச ரக்பி ஆடியபோது அணியில் இருந்தவர். பிறகு இந்திய ரக்பி சங்கத்துக்கே தலைவராகப் பொறுப்பேற்றார். அவர் காலத்தில் 2025 ஜூனில் மும்பையில் முதல் ரக்பி பிரீமியர் லீக் நடந்தது. ஆறு அணிகள். இறுதியில் டெல்லி ரெட்ஸ் அணியை 41-0 என்று துடைத்துப் போட்ட அணி எது தெரியுமா? சென்னை புல்ஸ்! கிரிக்கெட்டில் சென்னையின் மஞ்சள் சட்டைக்காரர்கள் ஜெயித்திருந்தால் தூத்துக்குடி முதல் திருச்செந்தூர் வரை வெடி வெடித்திருக்கும். இதற்கு ஒரு ஓலைப் பட்டாசுகூட இல்லை.