தாத்தா கலந்த சுர்க்கி மறுபடியும் வருகிறது!

சிங்கப்பெருமாள் கோவிலுக்குப் போயிருக்கிறீர்களா?

செங்கல்பட்டுக்கு 2 ரெயில் நிலையம் முன்னால் இறங்க வேண்டும். அங்கே மலைப்பாறையைக் குடைந்து நரசிம்மருக்குக் கோவில் அமைத்திருக்கிறார்கள். பல்லவர் காலத்து வேலை. சாமியைச் சுற்றி வர வேண்டுமானால், மலையையே சுற்றி வர வேண்டும்!

அந்தக் கருவறைக்கு ஒரு பிடி சிமெண்டு தேவைப்படவில்லை. ஆனால் கோவிலை விட்டு வெளியே வந்து பாருங்கள். ஒரகடம் போகும் சாலையிலும், தாம்பரம் போகும் பெருஞ்சாலையிலும் வீடுகள், தொழிற்சாலைகள், அடுக்கு மாடிகள். வயலாகவும் பொட்டலாகவும் கிடந்த இடங்களில் கலவை எந்திரம் சுற்றுகிறது. எங்கு பார்த்தாலும் சிமெண்டு மூட்டை.

வீடு கட்டுகிறவருக்கு மூட்டையின் விலை தெரியும். அதன் பின்னால் இருக்கும் புகை தெரியாது.

கல்லுக்குள் இருக்கும் வாயு

சிமெண்டு எப்படிச் செய்கிறார்கள்? சுண்ணாம்புக் கல்லோடு கொஞ்சம் களிமண் சேர்த்து, பெரிய உருளைச் சூளையில் போட்டுச் சுடுகிறார்கள். 1,450 டிகிரி சூடு! கருகருவென்று உருண்டை உருண்டையாக வெளியே வரும். அதற்குக் 'கிளிங்கர்' என்று பெயர். அதை அரைத்தால் சிமெண்டு.

அந்தச் சூட்டுக்கு ஏராளமான நிலக்கரி வேண்டும். அது ஒரு புகை. இன்னொன்று, கல்லுக்குள்ளேயே இருக்கிறது. 100 கிலோ சுண்ணாம்புக் கல்லைச் சுட்டால், 44 கிலோ கரியமில வாயுவாகப் பறந்துவிடும். நிலக்கரியை நிறுத்திவிட்டுச் சூரிய வெப்பத்தில் சுட்டாலும் இந்த 44 கிலோ போகத்தான் செய்யும். கல்லின் குணம் அது.

உலகத்தில் மனிதர்கள் வெளியிடும் கரியமில வாயுவில், 100-க்கு 7 அல்லது 8 பங்கு சிமெண்டினால் வருகிறது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். பூமி சூடாவதற்கும், கடல் மட்டம் உயர்வதற்கும் இந்த வாயுதான் முக்கிய காரணம். சிமெண்டு உற்பத்தியில் சீனாவுக்கு அடுத்த இடம் நமது நாட்டுக்கு!

அதற்காக வீடு கட்டாமல் இருக்க முடியுமா? ஓலைக் குடிசையில் மழைக்கு ஒழுகிக் கொண்டிருப்பவரிடம், "சிமெண்டு வாங்காதே" என்று யார் சொல்வது?

பெரியாறு அணையைப் பாருங்கள்

நமது தாத்தா காலத்துக் கொத்தனார்கள் சிமெண்டைக் கண்டதில்லை. அவர்கள் செங்கல்லைப் பொடியாக இடித்துச் சுண்ணாம்போடு கலந்தார்கள். அந்தப் பொடிக்குச் 'சுர்க்கி' என்று பெயர். வெறும் சுண்ணாம்பு தண்ணீருக்குள் கெட்டிப்படாது. சுட்ட மண்ணின் பொடி சேர்ந்தால் தண்ணீருக்குள்ளும் இறுகும்.

1895-ல் பென்னிகுயிக் கட்டி முடித்தாரே, முல்லைப் பெரியாறு அணை! அதன் கலவை சுண்ணாம்பும் சுர்க்கியும்தான்.

பிறகு சிமெண்டு வந்தது. சீக்கிரம் இறுகியது; வேலை வேகமாக நடந்தது. சுர்க்கியை எல்லோரும் மறந்துவிட்டார்கள்.

கிண்டியில் நடந்த சோதனை

சிங்கப்பெருமாள் கோவிலில் கடற்கரை ரெயிலில் ஏறினால், கிண்டியில் இறங்கலாம். பக்கத்தில் இருக்கிறது ஐ.ஐ.டி. மேற்கு ஜெர்மனியின் உதவியோடு 1959-ல் தொடங்கிய உயர்கல்விக் கூடம். அதன் கட்டிட என்ஜினீயரிங் சோதனைக் கூடத்தில், சுட்ட களிமண் மறுபடியும் கலவைக்குள் வந்தது.

இது ஒரு ஊரின் வேலை அல்ல. சுவிட்சர்லாந்தில் லோசான் நகரத்துப் பேராசிரியை காரன் ஸ்கிரிவனர், கியூபா நாட்டுப் பேராசிரியர் மார்ட்டிரெனா, டெல்லி ஐ.ஐ.டி.யில் சஷாங்க் பிஷ்னாய், சென்னையில் மனு சந்தானம், ரவீந்திர கெட்டு, ராதாகிருஷ்ண பிள்ளை. இவர்களும் இவர்களுடைய மாணவர்களும் சேர்ந்து செய்தார்கள். கியூபாவில் 2013-ல் ஆலையிலேயே இதைத் தயாரித்துப் பார்த்தார்கள்.

புதிய சிமெண்டின் கணக்கு எளிது. 100 கிலோவில் கிளிங்கர் 50 கிலோ மட்டும். சுட்ட களிமண் 30 கிலோ. சுடாத சுண்ணாம்புக் கல் பொடி 15 கிலோ. மீதி 5 கிலோ ஜிப்சம். களிமண்ணுக்கு 700 முதல் 850 டிகிரி சூடு போதும். அதைச் சுட்டால் வெளியேறுவது வெறும் நீராவி! கரியமில வாயு 100-க்கு 30 முதல் 40 பங்கு வரை குறைகிறது.

எந்த மண்ணும் ஆகுமா? ஆகாது. பீங்கான் செய்யும் வெள்ளைக் களிமண்ணின் சத்து அதில் 100-க்கு 40 பங்காவது இருக்க வேண்டும். நெய்வேலியில் நிலக்கரிக்கு மேலே கிடக்கிறதே, அந்த வகை. மண்ணை அறிந்து சொல்ல ஒருவர் வேண்டும். சுடும்போது உள்ளே என்ன மாறுகிறது என்று சொல்ல ரசாயனம் படித்தவர் வேண்டும். கலவை எவ்வளவு சுமை தாங்கும் என்று பார்க்க என்ஜினீயர். கம்பி துருப்பிடிக்குமா என்று பார்க்க இன்னொருவர். எல்லோரும் ஒரே மேஜையில் உட்கார்ந்தால்தான் ஒரு மூட்டை சிமெண்டு பிறக்கும்!

சென்னைக்காரர்களுக்குக் கடைசிக் கேள்விதான் பெரிது. கடற்காற்றில் இருக்கும் உப்பு, கான்கிரீட்டின் நுண்ணிய துளைகள் வழியே உள்ளே போய்க் கம்பியை அரித்துவிடும். மொட்டை மாடிக் கூரை பெயர்ந்து விழுவதை எத்தனை வீட்டில் பார்த்திருக்கிறோம்! சுட்ட களிமண்ணும் சுண்ணாம்புக் கல் பொடியும் ஒன்றோடொன்று சேர்ந்து அந்தத் துளைகளை மிகவும் சிறிதாக்கி விடுகின்றன. சாதாரண சிமெண்டைவிட இதில் உப்பு நுழைவது மிகக் கடினம் என்று சென்னை சோதனைகள் காட்டின. இந்த முடிவுகள் 2018-ல் வெளியாயின.

குறையே இல்லையா?

இருக்கிறது. இந்தக் கலவை சற்று இறுக்கமாக இருக்கும். தண்ணீரை அதிகமாக ஊற்றிவிட்டால் பலம் போய்விடும். அதைத் தளர்த்த ஒரு ரசாயனத் திரவம் சேர்க்க வேண்டும். காற்றில் உள்ள கரியமில வாயுவும் சாதாரண கான்கிரீட்டைவிட இதற்குள் வேகமாக நுழைகிறது. அதனால் ஒழுங்காகத் தண்ணீர் விட்டுப் பதப்படுத்த வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. இதைப் படித்துவிட்டு, உடைந்த செங்கல்லை இடித்துச் சிமெண்டில் கலக்க வேண்டாம்! களிமண் அளவுக்கு மேல் வெந்துவிட்டால் அதன் சக்தி போய்விடும். சரியான சூடு பார்ப்பது ஆலையின் வேலை.

"அனல் மின் நிலையச் சாம்பலைத்தான் ஏற்கனவே சேர்க்கிறார்களே?" என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் நிலக்கரி எரிப்பதைக் குறைத்தால் சாம்பலும் குறைந்துவிடும். களிமண்ணுக்கு அந்தக் கவலை இல்லை.

ஜான்சியில் இந்தச் சிமெண்டால் ஒரு மாதிரி வீடு கட்டினார்கள். அந்த ஒரு வீட்டில் மட்டும் சுமார் 15 டன் கரியமில வாயு மிச்சம் என்று கணக்கிட்டார்கள். 2023-ல் இந்தச் சிமெண்டுக்குத் தனியாக இந்தியத் தர நிர்ணயமும் வந்துவிட்டது.

இன்னொரு சங்கதி, நிறம். களிமண்ணில் இரும்புச் சத்து இருந்தால் சிமெண்டு செக்கச் செவேல் என்று வரும். "சிமெண்டு என்றால் சாம்பல் நிறம்" என்று பழகிய மேஸ்திரி, மூட்டையைப் பிரித்ததும் கலப்படம் என்று திருப்பி அனுப்பிவிடுவார்! அதற்கும் வழி கண்டுபிடித்துவிட்டார்கள். சுட்ட மண்ணைக் காற்றுப் படாமல் ஆறவைத்தால் சிவப்பு வராது. பார்வைக்குப் பழைய சிமெண்டு மாதிரியே இருக்கும்.