தழும்பு முகமும் கதை மாந்தரும்

தீ விளைத்த புண்ணுக்கு ஆறுதல் உண்டு. சொல் விளைத்த வடுவுக்கு இல்லை என்பது வள்ளுவர் கண்ட உண்மை. முகத்தில் தீத்தழும்பு ஏற்றவரோ இரண்டையும் ஒருங்கே சுமக்கின்றனர். இத்தகைய மாந்தரை இலக்கியமும் திரைப்படமும் எவ்வாறு படைத்துள்ளன என்பதைச் சற்றே ஒப்புநோக்குவோம்.

பட்டுக்குப் பெயர்பெற்றது கொள்ளேகால் வட்டாரம். பட்டுக்கூடுகளை வெந்நீரிலிட்டு நூலிழுப்போரின் கைகள் வெந்து கொப்புளிப்பதுண்டு. அவ்வடுவை உழைப்பின் அடையாளமாகவே நாம் கொள்கிறோம். அதே வடு முகத்தில் அமைந்தால் மட்டும் அதனைத் தீவினையின் அடையாளமாகக் கொள்வானேன்? இந்த வழக்கத்தை வளர்த்ததில் கதைகளுக்கும் பங்குண்டு.

பிரெஞ்சு ஆசிரியர் கஸ்தோன் லெரூ 1910-இல் நூலாக வெளியிட்ட 'ஓபராவின் மாயாவி' என்னும் நாவலில் எரிக் என்பவன் பிறவியிலேயே விகார முகம் கொண்டவன். 1943-ஆம் ஆண்டு ஹாலிவுட் படமோ, அவன் முகத்தில் திராவகம் வீசப்பட்டதாகக் கதையை மாற்றியது. 1953-இல் வந்த 'மெழுகு மாளிகை'யிலும் தீயில் வெந்த சிற்பியே கொலைஞன். வெந்த முகத்தைக் கண்டவுடன் கொடியவனை அறிந்துகொள்ளுமாறு இத்தகைய படங்கள் ரசிகரைப் பழக்கின.

இலங்கையில் பிறந்த மைக்கேல் ஒந்தாச்சி 1992-இல் எழுதிய 'ஆங்கில நோயாளி' வேறு வழி காட்டுகிறது. உடல் முழுவதும் வெந்து கிடப்பவனின் நினைவுகளே அங்கு நமக்கு அவனை அறிமுகப்படுத்துகின்றன. முகத்தைக் காணாமலே மனிதனை அறிவது எழுத்துக்கு எளிது. 1996-இல் அதனைப் படமாக்கியபோது, வெந்த முகத்தோடு பழைய அழகிய முகத்தையும் மாறிமாறிக் காட்ட நேர்ந்தது.

நம் நாட்டிலும் இவ்வேறுபாடு உண்டு. ராஜ் கபூரின் 'சத்யம் சிவம் சுந்தரம்' 1978-இல் வெளிவந்தது. சிறுவயதில் கொதியெண்ணெயால் முகம் வெந்த ரூபா, அதனை முந்தானையால் மறைத்தே வாழ்கிறாள். புற அழகு பொய்யென்று உரைக்க வந்த அப்படத்தின் காமிராவோ, அவளுடைய புற அழகையே பெரிதும் நாடுகிறது. பாலாஜி சக்திவேலின் 'வழக்கு எண் 18/9' 2012-இல் வந்தது. வேறொரு பெண்ணுக்காக வைத்திருந்த திராவகத்தால் வீட்டுவேலை செய்யும் ஜோதியின் முகம் வெந்துபோகிறது. இங்கே தழும்பு விதியின் எழுத்தன்று. பணமும் அதிகாரமும் சேர்ந்து இழைத்த குற்றத்தின் சான்று. 2019-இல் வந்த 'உயரே' என்னும் மலையாளப் படத்தின் பல்லவியோ, விமானியாக வேண்டுமென்ற கனவோடு வாழ்ந்தவள். திராவகத்திற்குப் பின்னும் அவள் வானத்தை நாடிச் செல்கிறாள்.

திராவக வீச்சால் பாதிக்கப்பட்டோரை 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் தன் பட்டியலில் சேர்த்துள்ளது. சட்டம் உரிமை அளிக்கலாம். தெருவில் எதிர்ப்படுவோரின் பார்வையைத் திருத்த அதனால் இயலாது. அப்பணி கதை சொல்வோருக்கு உரியது. தழும்பு எவ்வாறு வந்தது என்பதோடு நில்லாமல், அதனை உடையவர் எதை விரும்புகிறார், எதற்கு நகைக்கிறார், என்ன தொழில் செய்கிறார் என்றும் சொல்லும் கதையே அவரை முழு மனிதராகக் காட்டும்.