கவச உடையில் கடைத்தெரு விஜயம்!

ஒரு யுத்தம் எப்படிப் போகிறது என்று தெரிந்துகொள்ள, பெரிய மனுஷர்களின் பேச்சை நான் நம்புவதில்லை. பேசிவிட்டு எந்த வழியாகத் திரும்பிப் போகிறார்கள் என்று மட்டும் பார்ப்பேன்!

இராக்கையே எடுத்துக்குங்களேன். 2003 ஏப்ரலில் பாக்தாத் அமெரிக்கப் படையிடம் விழுந்தது. மே 1-ம் தேதி, விமானந்தாங்கிக் கப்பலில் நின்று, 'பெரிய சண்டையெல்லாம் முடிஞ்சாச்சு' என்றார் அதிபர் புஷ். பின்னால் 'பணி முடிந்தது' என்று ஒரு பேனர் வேறு! அதுவரை இறந்த அமெரிக்க வீரர்கள் சுமார் 140 பேர். 2011 டிசம்பரில் படை வெளியேறியபோது அந்தக் கணக்கு 4,400-ஐத் தாண்டியிருந்தது. செத்துப்போன இராக்கியர்கள்? லட்சத்துக்கும் மேலே.

'முடிஞ்சாச்சு' என்ற அதே புஷ், அந்த நவம்பரில் பாக்தாத் போனார். எப்படி? விளக்கை அணைத்த விமானத்தில், பரம ரகசியமாக! விமான நிலையத்திலேயே சிப்பாய்களோடு விருந்து. சில மணி நேரத்தில் ரிட்டர்ன். ஊருக்குள் கால் வைக்கவில்லை.

அடுத்த வருஷம் இன்னும் தமாஷ். 2004 ஜூன் 30-ல் இராக்கியரிடம் ஆட்சி ஒப்படைப்பு என்று ஊருக்கெல்லாம் தண்டோரா போட்டார்கள். குண்டு வெடிக்குமோ என்ற பயத்தில், 28-ம் தேதியே நாலு பேரை வைத்து காதும் காதும் வைத்த மாதிரி முடித்துவிட்டார்கள். அமெரிக்க நிர்வாகி பிரெமர் அன்றைக்கே பிளேன் ஏறிவிட்டார். முகூர்த்தத்துக்கு ரெண்டு நாள் முன்னாடியே திருட்டுத்தனமாகத் தாலி கட்டினால், 'ஏதோ வில்லங்கம்'னு நம்ம ஊர்ல பேச மாட்டாங்க?

2005 மே மாதம், துணை அதிபர் டிக் சேனி, 'கலகக்காரர்களுக்குக் கடைசி மூச்சு' என்றார். அடுத்த பிப்ரவரியில் சமாராவின் தங்கக் கோபுர மசூதி தகர்க்கப்பட்டது. அதற்கப்புறம் ஷியாவும் சன்னியும் ஒருவரையொருவர் வெட்டிக்கொண்டு செத்தார்கள். கடைசி மூச்சு அவ்வளவு நீளம்!

உச்சக்கட்டம், 2007 ஏப்ரல் 1. ஆமாம் சார், ஏப்ரல் ஒண்ணாம் தேதியேதான்! பாக்தாத்தில் நிலைமை தேறிவருகிறது என்று காட்ட, ஷோர்ஜா சந்தைக்குப் போனார் செனட்டர் ஜான் மெக்கெய்ன். உடம்பில் குண்டு துளைக்காத கவச உடை. சுற்றி நூறு சிப்பாய்கள். தலைக்கு மேலே ஹெலிகாப்டர்கள்.

நல்ல செய்தியே வரக்கூடாது என்று நான் சொல்லவில்லை. ஆனால், அதைச் சந்தேகப்பட்டவர்களை தேசத் துரோகி என்று திட்டிய நேரத்தில் ஒரு சின்னக் கேள்விக்குப் பதில் சொல்லியிருக்கலாம்.

செனட்டருக்கு நூறு சிப்பாய்கள். மறுநாள் அதே சந்தைக்கு மளிகை வாங்க வந்த பாக்தாத் அம்மாவுக்கு எத்தனை பேர்?