முதுமையின் குரலில் ஓர் இளைஞன்

கவிதை பயிலும் முறை: ஒன்பதாம் கட்டுரை

ஒரு கவிதையைப் பயில்வதற்கு அதன் காலத்தையும் அதை ஆக்கியவரின் வாழ்க்கையையும் அறிந்திருப்பது எவ்வளவு தூரம் அவசியம் என்ற கேள்வியைச் சென்ற வாரம் எழுப்பிவிட்டு, அதற்குரிய விடையை ஓர் உதாரணத்தின் வாயிலாகவே காண்போம் என்று நிறுத்தியிருந்தேன். அந்த உதாரணமாக ஆல்ஃபிரட் டென்னிஸன் இயற்றிய ‘யுலிஸிஸ்’ என்னும் கவிதையை எடுத்துக்கொள்கிறேன். எழுபதே அடிகள் கொண்டது. இயைபுத் தொடையின்றி, அடிக்கு ஐந்து சீராக, பேச்சின் ஓட்டத்தை ஒட்டி நடப்பது. ஆங்கில இலக்கியம் பயின்ற அநேகர் கல்லூரி நாட்களிலேயே இதைச் சந்தித்து, முடிவிலுள்ள சில அடிகளை மட்டும் நெஞ்சில் இருத்திக்கொண்டு, மற்றவற்றை மறந்துவிட்டிருப்பார்கள். அவர்களை மறுபடியும் முதல் அடிக்கு அழைத்துச் செல்லவே இக்கட்டுரை.

டிராய் நகர யுத்தத்தில் பத்தாண்டுகளும், அதன் பின் கடலில் அலைந்து திரிந்ததில் பத்தாண்டுகளும் கழித்துவிட்டு, தன் சிறு தீவாகிய இதாக்காவுக்குத் திரும்பி, மனைவி பெனிலோப்பியை மணக்க விரும்பி அரண்மனையில் அடைந்துகிடந்தவர்களை அழித்து, மீண்டும் அரசுகட்டில் ஏறிய கிரேக்க வீரன் ஒடிஸியஸே இலத்தீன் மரபில் யுலிஸிஸ் என்று வழங்கப்படுகிறான். டென்னிஸனுடைய கவிதை தொடங்கும்போது அவன் முதியவன். பாறை மண்டிய தீவில் கணப்பருகே அமர்ந்து, தன்னை அறியாத ஜனங்களுக்கு நீதி வழங்கிக்கொண்டிருப்பதில் அவனுக்கு அலுப்பு மேலிட்டுவிட்டது. செங்கோலை மகன் டெலிமேக்கஸிடம் ஒப்படைத்துவிட்டு, பழைய மாலுமிகளைக் கூவி அழைத்து, சூரியன் அஸ்தமிக்கும் திசைக்கும் அப்பால், உயிர் உள்ளவரை போய்க்கொண்டேயிருப்பது என்று சங்கற்பம் செய்துகொள்கிறான். மகனுக்கு முடிசூட்டிவிட்டுக் கானகம் புகும் நம் புராண மன்னர்களை இது நினைவூட்டக் கூடும். ஆனால் யுலிஸிஸ் போவது பற்று அற்றதனால் அன்று, பற்று ஆறாததனால்.

இதைச் சோர்ந்தவனைத் தட்டி எழுப்பும் உபதேசமாகக் கொண்டு போற்றியவர்கள் பலர். மனைவியையும் மக்களையும் உதறிவிட்டுப் புறப்படும் ஒரு சுயநலக்காரனின் சொல்லலங்காரம் என்று கண்டித்தவர்களும் இருபதாம் நூற்றாண்டில் தோன்றினார்கள். இரு கட்சியாரும் கவிதையில் ஒரு பாதியையே படித்தார்கள் என்பது என் அபிப்பிராயம். மற்றப் பாதி, அந்தச் சொற்களுக்கு அடியில் ஓடிக்கொண்டிருக்கும் துக்கத்தில் இருக்கிறது.

முதலில் கதையின் மூலங்களைப் பார்ப்போம். ஹோமரின் ‘ஒடிஸி’யில் பதினோராவது காண்டத்தில், இறந்தவர்களின் உலகத்துக்குச் செல்லும் ஒடிஸியஸிடம், குருட்டுத் தீர்க்கதரிசியாகிய டைரீஸியஸின் ஆவி ஒரு வருங்காலம் உரைக்கிறது. வீடு சேர்ந்து பகைவரை ஒழித்த பிறகும் அவன் ஒரு பிரயாணம் செய்ய வேண்டும். ஒரு துடுப்பைத் தோளில் சுமந்துகொண்டு, கடலையே கண்டறியாத, உணவில் உப்பிட்டு உண்ணாத மாந்தர் வாழும் உள்நாட்டுக்குள் நடக்க வேண்டும். எதிர்ப்படும் வழிப்போக்கன் ஒருவன் அத்துடுப்பைத் தானியம் தூற்றும் கருவி என்று எண்ணிக் கேட்கும் இடத்தில் அதை மண்ணில் நாட்டி, கடற்கடவுளுக்குப் பலியிட்டு, வீடு திரும்ப வேண்டும். அதன் பின் செழித்து வாழும் குடிகளின் நடுவே, நிறைந்த முதுமையில், மென்மையான மரணம் வந்து அவனைத் தழுவும். ஹோமர் அவனுக்கு விதித்த கடைசி யாத்திரை இவ்வாறு கடலை விட்டு விலகிச் செல்வது. முடிவிலே சாந்தி தருவது.

டென்னிஸன் அந்தச் சாந்தியை ஏற்கவில்லை. அவர் கை நீட்டியது இத்தாலிய மகாகவி தாந்தேயை நோக்கி. தாந்தேக்குக் கிரேக்கம் தெரியாது, ஹோமரை அவர் படித்ததில்லை. ஆயினும் நரக காண்டத்தின் இருபத்தாறாவது சருக்கத்தில், வஞ்சக ஆலோசனை கூறியவர்கள் தீப்பிழம்புகளாய் எரியும் பள்ளத்தில், யுலிஸிஸின் வாயாலேயே அவனுடைய மரணக் கதையைச் சொல்லவைக்கிறார். அந்த யுலிஸிஸ் வீடு திரும்புவதே இல்லை. மகன்மேல் வைத்த வாஞ்சையும், முதிய தந்தைக்குச் செய்ய வேண்டிய கடமையும், மனைவியின் காதலும் அவனுடைய அறிவுத் தாகத்தைத் தடுக்கவில்லை. மனிதர் தாண்டலாகாது என்று ஹெர்க்குலிஸ் நாட்டிய எல்லைத் தூண்களைக் கடந்து, கிழட்டுத் தோழர்களை ஒரு சிறு பிரசங்கத்தால் மயக்கி, ஐந்து மாதம் பயணம் செய்து, தொலைவில் ஒரு பெருமலையைக் காணும் தறுவாயில் சூறாவளியில் சிக்கி மூழ்கிப்போகிறான். தாந்தே இதைப் பாவமாகக் காட்டினார். காட்டும்போதே அதன் கம்பீரத்துக்குத் தாமும் வசப்பட்டார். டென்னிஸன் ஹோமரிடமிருந்து இதாக்காவையும் தாந்தேயிடமிருந்து பிரயாண வேட்கையையும் எடுத்து ஒன்றாக்கினார் என்று சொல்லி உரைநூல்கள் அமைந்துவிடும். ஏன் ஒன்றாக்கினார் என்பதற்கு விடை மூல நூல்களில் கிடைக்காது.

ஒரு தேதி அவ்விடையைத் தருகிறது. கவிதையின் பழைய பிரதி ஒன்றில் குறிக்கப்பட்டிருப்பது 1833 அக்டோபர் 20. அப்போது டென்னிஸனுக்கு வயது இருபத்து நான்கு. முந்திய மாதம் 15-ஆம் தேதி, வியன்னா நகரில் தந்தையுடன் யாத்திரை செய்துகொண்டிருந்த அவருடைய நண்பன் ஆர்தர் ஹாலம், இருபத்திரண்டாம் வயதில், திடீரென்று மூளையில் இரத்தக்குழாய் வெடித்து இறந்துபோனான். அச்செய்தி அக்டோபர் முதல் வாரத்தில் லிங்கன்ஷயரிலிருந்த டென்னிஸனின் வீட்டை எட்டியது. கேம்பிரிட்ஜ் டிரினிடி கல்லூரியில் தொடங்கி நாலைந்து ஆண்டுகளே நீடித்த நட்பு அது. ஆனால் டென்னிஸனின் கவித்துவத்தை உலகம் அறியுமுன் அறிந்து, 1831-இல் பத்திரிகையில் விமர்சனம் எழுதி அறிவித்தவன் ஹாலமே. டென்னிஸனின் தங்கை எமிலிக்கு நிச்சயிக்கப்பட்டிருந்தவனும் அவனே. 1831 மார்ச்சில் டென்னிஸனின் தந்தை இறந்துபோக, குடும்ப பாரம் அவர் தோளில் ஏறியிருந்தது. 1833 ஏப்ரலில் ‘குவார்ட்டர்லி ரெவியூ’ அவருடைய புதிய தொகுதியை ஈவிரக்கமின்றிக் கிழித்திருந்தது. அதன் மேல் இந்த இடி. இக்கவிதை ஹாலம் மறைந்த உடனே எழுந்தது என்றும், வாழ்க்கைப் போராட்டத்தை எதிர்கொண்டு முன்னே நடந்தாக வேண்டும் என்ற உணர்ச்சியை, பிற்காலத்து ‘இன் மெமோரியம்’ என்ற பெருநூலைவிட எளிதாக இது வெளியிட்டது என்றும் கவிஞரே பின்னாளில் கூறியிருக்கிறார். 1850-இல் வெளிவந்த அந்நூல், நம் புறப்பாட்டு மரபு கையறுநிலை என்று பெயரிட்டழைக்கும் துறையில், பதினேழு ஆண்டுகள் ஒரே நண்பனை எண்ணி அழுத அழுகை.

ஆகவே இங்கே பேசும் முதியவன், தன் வயதைத் துக்கத்தில் தொலைத்துவிட்ட ஓர் இளைஞன். இருபத்து நான்கு வயதில் அனைத்தும் முடிந்துவிட்டதாக உணர்கிறவனுக்கு, தன் உணர்ச்சிக்கு ஏற்ற பருவம் முதுமையே என்று தோன்றுவதில் வியப்பென்ன? தன் பெயரால் அழமாட்டாதவர், கிரேக்க வீரன் ஒருவனின் முகத்தை அணிந்துகொண்டு, ‘இன்னும் வாழ வேண்டும்’ என்று தமக்குத்தாமே கட்டளையிட்டுக்கொள்கிறார். ஒரு பாத்திரத்தின் தனிமொழியாகவே கவிதை முழுவதையும் அமைக்கும் இந்த முறையை ராபர்ட் பிரௌனிங்கும் ஏறக்குறைய அதே காலத்தில் கையாளத் தொடங்கியிருந்தார். இருவருடைய அத்தகைய கவிதைகளும் நூல்வடிவம் பெற்றது 1842-இல்.

இந்தக் கட்டளைக்கு மனம் முழுவதும் இசையவில்லை என்பதுதான் கவிதையின் உயிர்நிலை. அதை நமக்குக் காட்டிக்கொடுப்பது அதன் யாப்பு. சொற்களின் பொருளோ ‘புறப்படு, முயல், தளராதே’ என்கிறது. அடிகளோ நெடில் ஓசைகளால் கனத்து, நின்று நின்று, புறப்பட விரும்பாதவை போல் நகர்கின்றன. அனுபவத்தை ஒரு வளைவாகவும், அதனூடே தென்படும் கால் படாத உலகத்தின் விளிம்பு நெருங்க நெருங்க விலகிப்போவதாகவும் வருணிக்கும் மூன்று அடிகள் இதில் உண்டு. ஹோமரை மொழிபெயர்ப்பது பற்றிப் பேசுகையில் மாத்யூ ஆர்னால்டு இம்மூன்று அடிகளை எடுத்துக்காட்டி, ‘இலியட்’டின் ஒரு காண்டம் முழுவதும் எடுத்துக்கொள்ளும் நேரத்தை இவை மட்டுமே ஏறக்குறைய எடுத்துக்கொள்கின்றன என்றார். ஹோமரின் துரித நடைக்கும் இதற்குமுள்ள தூரத்தைச் சுட்டவே அவர் அவ்வாறு சொன்னார்; எனக்கு அது இக்கவிதையின் அந்தரங்கத்தைத் திறக்கும் திறவுகோலாகப் படுகிறது. கடைசிப் பகுதியில் துறைமுகத்தில் கப்பல் காத்திருக்கிறது, பாய் விம்முகிறது, விளக்குகள் மினுங்குகின்றன, சந்திரன் மேலேறுகிறது, கடல் பல குரலில் முனகுகிறது. இவ்வளவும் இருந்தும் கவிதை முடியும்போது கப்பல் கரையிலேயே நிற்கிறது. யுலிஸிஸ் இன்னும் பேசிக்கொண்டுதான் இருக்கிறான்.

அவன் யாரிடம் பேசுகிறான்? இந்தக் கேள்வியைக் கேட்காமல் இக்கவிதையைப் படித்ததாகச் சொல்ல முடியாது. தன்னோடு உழைத்து, இடியையும் வெயிலையும் ஒன்றுபோல் ஏற்று, தன்னைப்போலவே முதுமை அடைந்துவிட்ட மாலுமிகளை அவன் விளிக்கிறான். ஆனால் ஹோமரின் கதையில் அத்தகைய மாலுமி ஒருவனும் உயிரோடில்லை. பன்னிரண்டு கப்பல்களில் பதினொன்று லாஸ்ட்ரிகோனியர் என்ற இராக்ஷதர்களால் அழிந்தன; எஞ்சிய ஒன்றும், சூரியதேவனின் பசுக்களைக் கொன்று தின்ற பாதகத்துக்காக, ஸீயஸின் இடியால் சிதறியது; ஒடிஸியஸ் தன்னந்தனியனாகவே இதாக்காவில் கால் வைத்தான். தோழர்கள் தாந்தேயிடமிருந்து வந்தவர்கள் என்று விளக்கம் சொல்லலாம், அது உண்மையும்கூட. எனினும் சிறுவயதிலேயே தந்தையிடம் கிரேக்கமும் இலத்தீனும் கற்ற டென்னிஸன், இம்முரண்பாட்டை அறியாமல் விட்டிருப்பார் என்று என்னால் நம்ப முடியவில்லை. இதாக்காவின் கடற்கரையில், அந்தி மயங்கும் வேளையில், வாருங்கள் நண்பர்களே என்று அழைக்கப்படுகிறவர்கள் இறந்துபோனவர்கள் என்றே நான் கொள்கிறேன். போகிற வழியில் ஆனந்தத் தீவுகளை அடைந்தாலும் அடையலாம், தாங்கள் அறிந்த அகில்லீஸை அங்கே மீண்டும் காணலாம் என்று அவன் சொல்லுமிடத்தை இதனோடு சேர்த்துப் படியுங்கள். அற்ப ஆயுளில் மாண்ட ஒப்பற்ற தோழன் அகில்லீஸ்; அவனைக் காண்பதற்காக ஒருவன் உலகின் விளிம்பைத் தாண்டவும் துணிகிறான் என்றால், அங்கே டென்னிஸன் எண்ணியது எவனை என்று சொல்லவும் வேண்டுமோ?

டெலிமேக்கஸுக்கு இக்கவிதையில் கிடைப்பவை பதினோரு அடிகள். அவனுடைய நிதானத்தையும் பொறுப்புணர்ச்சியையும் தந்தை புகழ்கிறான். அப்புகழ்ச்சியில் ஏளனம் ஒளிந்திருக்கிறது என்பார் சிலர். பாசம் இருக்கிறது, தூரமும் இருக்கிறது; ஏளனத்தை நான் காணவில்லை. மனைவியைப் பெயர் சொல்லாமல் வயதானவள் என்ற ஒரே குறிப்போடு கடந்துவிடுவதுதான் உறுத்துகிறது. இருபதாண்டு காத்திருந்தவளுக்கு இழைத்த அநீதி அது. கவிதையின் மெய்யான குறை என்றே அதைக் கருதுகிறேன்.

1842-இல் இது வெளிவந்தபோது, கண்டிப்பான மனிதராகிய தாமஸ் கார்லைல் டென்னிஸனுக்குக் கடிதம் எழுதி, இதன் இறுதிப் பகுதியிலிருந்து சில அடிகளை எடுத்துக்காட்டி, இவை என்னை அழவைப்பதில்லை, ஆனால் இவற்றைப் படிக்கையில் என்னுள் கலங்கலங்களாய் நிரப்பத்தக்க கண்ணீர் இருக்கிறது என்ற கருத்துப்பட உரைத்தார். அவர் சரியாகவே படித்தார். 1912-இல் தென் துருவத்திலிருந்து திரும்பும் வழியில் காப்டன் ஸ்காட்டும் அவருடைய தோழர் நால்வரும் மாண்டுபோக, மறு ஆண்டு ஜனவரியில் எஞ்சிய சகாக்கள் அண்டார்க்டிகாவின் ஒரு குன்றின்மேல் மரச்சிலுவை ஒன்றை நாட்டி, மாண்டவர்களின் பெயர்களோடு இக்கவிதையின் கடைசி அடியையும் அதில் செதுக்கினார்கள். பள்ளிக்கூடங்களின் இலச்சினை வாசகமாக அந்த அடியைப் பயன்படுத்துகிறவர்களைவிட, பனியில் அச்சிலுவையைச் சுமந்தவர்கள் அதன் இடத்தை நன்றாக அறிந்திருந்தார்கள்.

இக்கவிதையைப் பயில விரும்பும் வாசகர்களுக்கு என் வேண்டுகோள் இது. ‘ஒடிஸி’யின் பதினோராவது காண்டத்தையும் தாந்தேயின் இருபத்தாறாவது சருக்கத்தையும், மொழிபெயர்ப்பிலேனும், முதலில் படித்துவிடுங்கள், பிறகு எழுபது அடிகளையும் அவசரமில்லாமல் வாய்விட்டுப் படியுங்கள், கடைசி அடிகளை மட்டும் பிய்த்தெடுக்காதீர்கள். அதே 1833-இல், அதே துக்கத்தில் தொடங்கி, 1860-இல்தான் அச்சேறிய ‘டித்தோனஸ்’ என்ற கவிதையை இதற்கு இணையாக வைத்து அடுத்த வாரம் பார்ப்போம். மரணமே வராத வரம் பெற்று அல்லலுறும் ஒருவனின் புலம்பல் அது. முடிந்தவர்கள் அதையும் ஒரு முறை படித்துவிட்டு வாருங்கள்.