தூரமும் நேரமும்



நீலகிரி மாவட்டத்தில், தேயிலைச் சரிவுகளுக்கிடையே மஞ்சூர் என்றொரு மலையூர் உண்டு. அவ்வூரினனாகிய எனக்கு ஒரு பயணம் கற்பித்த கணக்கினை இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

என் அண்ணன் மகளுக்குச் சென்னையில் பிற்பகல் 3 மணிக்குக் கல்லூரி நேர்முகத் தேர்வு. கோவையில் 11 மணிக்கு விமானம். நிலப்படத்தில் அளவுகோலை வைத்துப் பார்த்த அவள், “கோவை விமான நிலையம் 50 கிலோமீட்டர்தானே, சித்தப்பா! 8 மணிக்குப் புறப்பட்டால் போதாதா? சென்னை அங்கிருந்து 400 கிலோமீட்டர், மணிக்கு 800 கிலோமீட்டர் பறக்கும் விமானத்துக்கு அரை மணி நேரம்” என்றாள்.

வகுத்தல் சரி, விடை தவறு. ஏன்?

அளவுகோல் காட்டுவது நேர்கோட்டுத் தூரம். சாலையோ குன்னூர், பர்லியாறு, மேட்டுப்பாளையம் என்று கொண்டை ஊசி வளைவுகளில் சுற்றி இறங்குவது. அது ஏறத்தாழ 100 கிலோமீட்டர்; மூன்றரை மணி நேரம் வேண்டும்.

வானிலும் இதே நிலைதான். கால அட்டவணை குறிப்பது பறக்கும் நேரத்தை மட்டுமன்று. நிறுத்துமிடத்தை விட்டு நகர்வது முதல் மறு நிலையத்தில் நிற்பது வரையுள்ள நேரம் அது. விமானம் ஓடுபாதைவரை ஊர்ந்து செல்லவேண்டும். காற்றை எதிர்த்தே மேலெழ வேண்டும். கோவையின் ஓடுபாதை வடகிழக்கு-தென்மேற்காக அமைந்தது. பாலக்காட்டுக் கணவாய் வழியே மேல்காற்று வீசும் நாளில், வடகிழக்கிலுள்ள சென்னைக்குச் செல்லும் விமானம் முதலில் தென்மேற்கு நோக்கி எழுந்து, பின்னரே திரும்பும். 10,000 அடிக்குக் கீழே மணிக்கு ஏறத்தாழ 460 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகம் பொதுவாகக் கூடாது. முழு வேகத்தை எட்டிச் சிறிது நேரத்திலேயே இறங்கத் தொடங்கவேண்டும். எனவே அரை மணிக் கணக்கு ஒரு மணியைத் தாண்டிவிடுகிறது.

மணிக்கு ஏறத்தாழ 500 கிலோமீட்டர் செல்லும் ஏ.டி.ஆர். 72 விசிறி விமானத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 400 கிலோமீட்டரில் அது ஜெட் விமானத்தைவிடப் பதினெட்டு நிமிடமே பிந்தும். 2,000 கிலோமீட்டரில் ஒன்றரை மணி பிந்தும். குறுகிய வழியில் வேகத்தின் பயன் குறைவு என்பது இதனால் விளங்கும்.

நாங்கள் காலை 5.30 மணிக்கே புறப்பட்டோம். பர்லியாற்றருகே சாலையில் மரம் விழுந்து கிடந்தது. அதனை அகற்ற நாற்பது நிமிடமாயிற்று. நிலையத்தை அடைந்தபோது மணி 9.40. புறப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பே பதிவு முடிந்துவிடும். எஞ்சியிருந்தது இருபது நிமிடம். 8 மணிக்குப் புறப்பட்டிருந்தால் அந்த விமானமும் இல்லை, தேர்வும் இல்லை.

அவள் உரிய நேரத்தில் தேர்வுக்குச் சென்றாள். திரும்பி வந்ததும் நிலப்படத்தின் ஓரத்தில், கிலோமீட்டருக்கு அருகே மணியையும் குறித்துவைத்தாள். நீங்களும் அவ்வாறு குறித்துப் பழகுங்கள்.