பழைய மோட்டார் சைக்கிளுக்குப் புதிய உறுப்புகள்

ஆனேக்கல் என்றால் கன்னடத்தில் ஆலங்கட்டி என்று பொருள். பெங்களூருக்குத் தெற்கே, தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி, கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் அமைந்த ஊர் இது. இதன் தாலுகாவிலேயே பொம்மசந்திரா, ஜிகணி, அத்திப்பள்ளி ஆகிய தொழிற்பேட்டைகள் இருக்கின்றன. எல்லையைக் கடந்தால் ஓசூர். தருமபுரியிலிருந்தும் கிருஷ்ணகிரியிலிருந்தும் திருப்பத்தூரிலிருந்தும் பிழைப்பை நாடி இங்கு வந்து தங்கிய தமிழ்க் குடும்பங்களில், தந்தையாரின் மோட்டார் சைக்கிளையும் உடன் கொண்டு வந்தவர்கள் உண்டு. தொழிற்சாலைக்கும் வீட்டுக்குமாக ஆண்டு முழுவதும் ஓடும் அவ்வண்டி, பொங்கல் வந்தால் சொந்த ஊருக்கும் ஓட வேண்டும். அதற்கு அதனை எவ்வாறு ஆயத்தம் செய்வது என்பதே இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள்.

அவ்வண்டிகள் எவை என்பதை முதலில் நினைவு கூர்வோம். 1984-இல் ஓசூரிலேயே உருவாகி வெளிவந்தது இண்ட்-சுசூகி ஏ.எக்ஸ். 100. மறு ஆண்டு ஹீரோ ஹோண்டா சி.டி. 100 வந்தது. அதே 1985-இன் இறுதியில் எஸ்கார்ட்ஸ் நிறுவனத்தார் யமஹா ஆர்.எக்ஸ். 100 என்னும் வண்டியை வெளியிட்டு, 1996 வரை உற்பத்தி செய்தனர். பஜாஜ் நிறுவனத்தாரின் கவாஸாகி கே.பி. 100-உம் இக்காலத்ததே. ஹோண்டா ஒன்று நீங்கலாக மற்றவை யாவும் இரு வீச்சு இயந்திரங்கள். பட்டறையில் டூ ஸ்ட்ரோக் என்று வழங்குபவை. அவற்றுள் யமஹாவுக்குப் பெங்களூர் இளைஞர்களிடையே இன்றும் இருக்கும் மதிப்பு வியப்புக்குரியது. 98 கன சென்டிமீட்டர் கொள்ளளவே உள்ள இச்சிறு இயந்திரத்துக்காக, புதிய வண்டியின் விலையையே கொடுக்க முன்வருவாரும் இருக்கின்றனர்.

இத்தகைய வண்டி ஒன்றை நாங்கள் நேரில் கண்டோம். ஜிகணியில் வேலை பார்க்கும் ஒரு தமிழர் அதன் உரிமையாளர். ஆனேக்கலில் ஆண்டுக்கணக்கில் ஒரு குறையுமின்றி ஓடிய வண்டி. பண்டிகைக்கு ஊருக்குப் புறப்பட்டவர் சூளகிரி கடந்து, கிருஷ்ணகிரியை நோக்கி இறங்கி, நெடுஞ்சாலையில் முழு வேகத்தில் சென்றார். கிருஷ்ணகிரியைத் தாண்டிச் சில மைல் போவதற்குள் பின்சக்கரம் திடீரெனச் சுழலாமல் இழுபட்டது. பிஸ்டன், சிலிண்டரைப் பற்றிக்கொண்டு நின்றுவிட்டது. 'சீஸ் ஆகிவிட்டது' என்பார்களே, அதுதான். நல்ல வேளையாக அவர் கிளச்சைப் பிடித்தார், விழவில்லை. பின்னால் ஒரு லாரி நெருங்கி வந்துகொண்டிருந்தது என்று அவர் சொன்னபோது, அருகில் இருந்த அவர் மனைவியார் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மேட்டு நிலத்தில் ஒழுங்காக ஓடிய இயந்திரம் கீழே இறங்கியதும் ஏன் கெட வேண்டும்? இதனை விளங்கிக்கொண்டால், எந்த உறுப்பை மாற்ற வேண்டும் என்பது தானே விளங்கும்.

கார்புரேட்டர் என்பது காற்றையும் பெட்ரோலையும் ஓர் அளவில் கலந்து தருவது. உயரம் கூடக் கூடக் காற்று அடர்த்தி குறையும். ஆனேக்கலின் உயரத்தில் அது கடற்கரையில் உள்ளதைவிட நூற்றுக்கு எட்டு ஒன்பது பங்கு குறைவு. ஆகவே அதே கார்புரேட்டர் இங்கே சற்றுப் பெட்ரோல் மிகுந்த கலவையைத் தருகிறது. அப்படிப்பட்ட கலவை புகையும், பிளக்கைக் கரியாக்கும், ஆயினும் இயந்திரத்தைச் சூடாக்காது. இதனோடு இப்போது வேறொன்றும் சேர்ந்திருக்கிறது. 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோலைப் பிரதமர் 2023 பிப்ரவரியில் பெங்களூரிலேயே தொடங்கி வைத்தார்; 2025-இல் அது நாடெங்கும் பரவிவிட்டது. எத்தனாலில் உயிர்வாயு அடங்கியிருப்பதால் அதற்குக் காற்று குறைவாகப் போதும். எனவே பழைய ஜெட்டின் வழியே வரும் புதிய எரிபொருள், எண்பதுகளின் பெட்ரோலோடு ஒப்பிட்டால் வறண்ட கலவையாகிவிடுகிறது. மேட்டு நிலத்தின் மிகையும் எத்தனாலின் குறையும் ஆனேக்கலில் ஒன்றையொன்று ஒருவாறு ஈடு செய்கின்றன. கிருஷ்ணகிரிக்குக் கீழே இறங்கும்போது மிகை மெல்ல மெல்லப் போய்விடும். குறை மட்டும் எஞ்சும். மேலும், மைலேஜ் கூட வேண்டும் என்று ஏற்கெனவே யாரேனும் சிறிய ஜெட் போட்டிருந்தால் சொல்ல வேண்டியதே இல்லை. வறண்ட கலவை உஷ்ணம் மிகுந்தது. முழு வேகத்தில் தொடர்ந்து ஓடும் சிறு இயந்திரத்தில் அந்த உஷ்ணம் பிஸ்டனை விரிவடையச் செய்கிறது. இரும்பு சிலிண்டரைவிட அலுமினியப் பிஸ்டன் மிகுதியாக விரியும் என்பது பள்ளிப் பாடம்.

ஆதலின் முதல் மாற்றம் மிக மலிவானது: மெயின் ஜெட்டை ஓரிரு எண் பெரிதாக்குவது. அதன் பின்னர் பிளக்கைக் கழற்றிப் பார்க்க வேண்டும். வெண்மையாக வெளுத்திருந்தால் கலவை இன்னும் வறட்சி. ஈரக் கரியாக இருந்தால் மிகை. காப்பிப் பொடி நிறமே வேண்டுவது.

ஆனால் ஜெட்டை மாற்றியும் சில வண்டிகள் கெடுகின்றன. அங்கேதான் பெரும்பாலோர் கவனியாத ஓர் உறுப்பு குறுக்கிடுகிறது. டூ ஸ்ட்ரோக் இயந்திரத்தில் கிராங்க் சுழலும் பெட்டியே காற்றும் பெட்ரோலும் முதலில் வந்து சேரும் இடம். அப்பெட்டி காற்றுப் புகாமல் இருக்க வேண்டும். கிராங்கின் இரு முனையிலும் உள்ள இரண்டு ரப்பர் வளையங்களே, அதாவது ஆயில் சீல்களே, அதற்குக் காவல். முப்பது ஆண்டுக் காலத்தில் ரப்பர் இறுகிவிடுகிறது. வண்டி ஓடாமல் கிடந்தாலும் இறுகும். கிளச் பக்கத்துச் சீல் கெட்டால் கியர் ஆயில் உள்ளே உறிஞ்சப்பட்டு வெண்புகை கிளம்பும். தெருவே பார்த்துச் சொல்லிவிடும். மேக்னெட் பக்கத்துச் சீல் கெட்டாலோ, புகையில்லை, ஓசையில்லை. கார்புரேட்டரின் கணக்கில் சேராத காற்று அவ்வழியே புகுந்து கலவையை வறளச் செய்யும். ஆக்ஸிலரேட்டரை விட்ட பிறகும் இயந்திரம் வேகம் தணியாமல் இரைந்துகொண்டே இருப்பது இதன் அடையாளம். ஊமைக் காயம் போன்ற இக்கோளாறே உண்மையில் அபாயமானது. நாங்கள் குறிப்பிட்ட வண்டியைப் பிரித்தபோது மேக்னெட் பக்கத்துச் சீலின் உதடு விரலால் தொட்டதும் பொடிந்தது.

இவ்விடத்தில் பழைய தரத்தை விட்டு மேலான தரத்துக்குப் போவது தகும். முன்னர் இருந்த நைட்ரைல் ரப்பருக்குப் பதிலாக, வைட்டான் என்று வழங்கும் ஃப்ளூரோகார்பன் ரப்பரால் ஆன சீல்கள் கிடைக்கின்றன. உஷ்ணத்தையும் எத்தனாலையும் அவை நன்கு தாங்கும். விலை சில மடங்கு என்றாலும், இரண்டு சீலுக்கு ஆகும் செலவு ஒரு பிஸ்டனின் விலையைக்கூட எட்டாது. கார்புரேட்டரின் வளையங்களையும் பெட்ரோல் குழாயையும் அவ்வாறே மாற்றுக.

சீல் மாற்றிய பின் சோதிக்காமல் வண்டியை ஏற்றுக்கொள்ளலாகாது. கார்புரேட்டர் வாயையும் சைலன்சர் வாயையும் அடைத்துவிட்டு, அளவுமானி பொருத்திய கைப்பம்பினால் சதுர அங்குலத்துக்கு ஆறு பவுண்டு அளவில் காற்றேற்றினால், முள் சில நிமிடங்களாவது அசையாமல் நிற்க வேண்டும். இறங்கினால் சோப்பு நீரைத் தடவிப் பார்க்க, குமிழி எழும் இடம் கசியும் இடம். பத்துப் பவுண்டுக்கு மேல் ஏற்றினால் சீலே பிதுங்கிவிடும். பஞ்சர் கடைப் பம்பு இதற்கு ஆகாது. இச்சோதனையை அறிந்த மெக்கானிக்குகள் சிலரே. கேட்டால் முகம் சுளிப்பவரும் உண்டு. கேட்கத்தான் வேண்டும்.

பெட்டியைப் பிரித்ததே பிரித்தோம் என்றால் கிராங்கின் பேரிங்குகளையும் மாற்றிவிடுவது அறிவுடைமை. பேரிங்கின் மேல் ஸீ-3 என்ற குறி இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். உட்குண்டுகளுக்குச் சிறிது கூடுதல் இடைவெளி விட்டுச் செய்தவை அவை. சூடேறி விரியும்போது இறுகா. பெங்களூரில் ஜே.ஸி. ரோட்டிலும், பழைய சாமான்களுக்குச் சிவாஜி நகரிலும் தேடுவோர் மிகுதி. பழைய அட்டைப்பெட்டியில் புதிய போலி வருவதும் அங்குள்ள வழக்கந்தான். கனெக்டிங் ராடு மாற்றினால் கிராங்கை அழுத்திப் பிரித்து மறுபடி சேர்க்க நேரும். சேர்த்தபின் அதன் இரு பாதியும் ஒரே நேர்க்கோட்டில் சுழல வேண்டும். மில்லிமீட்டரில் நூறில் மூன்று பங்குக்கு மேல் ஆட்டம் இருந்தால், எவ்வளவு உயர்ந்த பேரிங் போட்டாலும் வீண். இதற்கு லேத் பட்டறையில் கை தேர்ந்தவர் வேண்டும். சுத்தியால் தட்டிக் கண்ணால் பார்த்துச் சரி என்பவரிடம் கொடுத்தல் கூடாது.

யமஹாவில் காற்று நுழையும் வாயிலில் ரீட் வால்வு என்னும் மெல்லிய எஃகு இதழ்கள் உண்டு. பல்லாண்டு துடித்த இதழ் ஒருநாள் முறிந்து உள்ளே விழுந்தால் பிஸ்டனும் சிலிண்டரும் ஒருங்கே பாழ். கண்ணாடி இழையால் ஆன இதழ்களைப் போட்டால், அவை தேய்ந்து உதிர்ந்தாலும் எஃகைப்போல் கீறா.

எண்ணெய்ப் பம்பைப் பற்றி ஒரு சொல். யமஹாவின் ஆட்டோலூப் பம்பு, ஆக்ஸிலரேட்டருக்கு ஏற்ப டூ-டி ஆயிலை அளந்து ஊட்டுவது. 1960-களில் ஜப்பானியர் தந்த நற்கொடை. பெங்களூர்ப் பட்டறைகள் பலவற்றில் இதைக் கழற்றி எறிந்துவிட்டுப் பெட்ரோலிலேயே எண்ணெயைக் கலக்கச் சொல்கிறார்கள். பம்பு பழுதானால் இயந்திரம் போய்விடும் என்பது அவர்கள் அச்சம். அச்சத்தில் நியாயம் இல்லாமலில்லை. ஆயினும் கலந்த எண்ணெயில் ஒரு குறை உண்டு: ஆனேக்கலுக்கு அருகிலுள்ள முத்யாலமடுவுப் பள்ளத்தாக்குப் போன்ற இறக்கத்தில் ஆக்ஸிலரேட்டரை மூடியபடி கியரில் இறங்கினால், பெட்ரோல் வராது, அதனோடு எண்ணெயும் வராது, இயந்திரமோ வேகமாகச் சுழலும். பம்பைச் செப்பனிட்டு, குழாயில் காற்றுக் குமிழி இல்லாமல் செய்து, கேபிளைக் குறிக்கு நேரே வைத்துக்கொள்வதே எங்கள் பரிந்துரை. ஜாஸோ எஃப்.டி. என்ற ஜப்பானியத் தரக்குறி உள்ள ஆயிலைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கரி குறைவாகப் படியும்.

ஹோண்டா வைத்திருப்போருக்கு இவ்வளவு தொல்லை இல்லை. ஆயிலை நாள் தவறாமல் மாற்றி, வால்வு இடைவெளியைச் சரி பார்த்துவந்தால் அது நம்மைவிட நீடித்து வாழும்.

பிஸ்டனைப் பெரிதாக்கி, வாயில்களை அரம்போட்டு அகலமாக்கி, சைலன்சரை வெட்டி வேகம் கூட்டும் வித்தையை இங்கு நாம் விளக்காமல் விட்டது மறதியால் அன்று. அவ்வாறு பெற்ற ஒவ்வொரு குதிரைத் திறனும் கூடுதல் உஷ்ணமாகவே திரும்பும். தேய்ந்த சிலிண்டரை அடுத்த அளவுக்குப் போர் செய்து, அவ்வளவுக்கேற்ற பிஸ்டனைப் போடுவது வேறு, அது செப்பனிடுதல். அதிலும் பிஸ்டனைப் பட்டறைக்குக் கொடுத்து, அதை அளந்து போர் செய்யச் சொல்ல வேண்டும். இடைவெளி மில்லிமீட்டரில் நூறில் மூன்று நான்கு பங்குதான்.

சட்டத்தையும் கருத வேண்டும். இயந்திர எண் பொறிக்கப்பட்டிருப்பது கிராங்க் பெட்டியின் மேல். பெட்டி உடைந்தது என்று சிவாஜி நகரில் வேறொன்றை வாங்கிப் போட்டால், எண்ணும் வேறாகிவிடும். வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பதிவு செய்யாமல் ஓட்டுதல் குற்றம். தமிழ்நாட்டுப் பதிவுள்ள வண்டியைப் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் கர்நாடகத்தில் வைத்திருந்தால் இங்கே புதிய பதிவு எண் பெற வேண்டும் என்கிறது 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம். பதினைந்து ஆண்டு கடந்த வண்டிக்குப் பதிவைப் புதுப்பிக்கவும் வேண்டும். அவ்வேளைகளில் அதிகாரி முதலில் தேய்த்துப் பார்ப்பது அந்த எண்ணைத்தான். ஆகையால் பழைய பெட்டியைப் பற்ற வைத்தாவது காப்பாற்றிக்கொள்வது நலம்.

நாங்கள் சொன்ன ஜிகணித் தமிழர் சீல், பேரிங், ஜெட் யாவும் மாற்றி, போர் செய்து, இப்போது வண்டியை மறுபடி ஓட்டுகிறார். புதிதாகப் போர் செய்த இயந்திரத்தை முதல் ஐந்நூறு கிலோமீட்டர் பாதி வேகத்துக்குள், அவ்வப்போது வேகத்தை மாற்றி ஓட்டிப் பழக்க வேண்டும். ஆகவே பொங்கலுக்கு ஊருக்குப் போக எண்ணுவோர் மார்கழி பிறந்த பின் பட்டறையைத் தேடிப் போவது காலம் கடந்த செயல். கார்த்திகையிலேயே கொடுத்துவிட வேண்டும்.